எண்ணெய் ஊட்டிய முற்றம்

மகனே,

லூமுட் போய்ச் சேர்ந்து, சாமான்களை இறக்கி, மருமகள் அந்த வீட்டில் முதல் உலை வைத்த பிறகு நிதானமாக உட்கார்ந்து இதைப் படி. வழியில் பிரித்துவிடக் கூடாது என்றுதான் உன் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். நீ புறப்படுகிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு சொல்கிற விஷயமில்லை இது. உங்கப்பாவும் அங்கே நிற்பார். அவர் காதில் விழும்படி இதை நான் இத்தனை வருஷமாக ஒருமுறைகூடப் பேசியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அவரும் பேசிக்கொண்டிருந்ததை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் உனக்குக் கொடுத்திருக்கும் புது வீட்டு முற்றத்தில் சிமெண்டு மாவாக உதிர்கிறது, மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்குகிறது, மாசமாக இருக்கிறவள் அதில் நடக்க வேண்டுமே என்று நீ கவலைப்பட்டாய். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண் மங்கி, வேலையை விட்டு, ஈப்போவில் இந்தச் சிலிபின் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடக்கரை வீட்டுத் தரைக்கு எண்ணெய் ஊட்டணும்லா. அது போதும்னு சொல்ற வரைக்கும் ஊட்டணும்," என்றார். நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. அதனால்தான் நான் நடுவில் வாய் திறக்கவில்லை.

அவர் சொன்ன முறை சரியான முறைதான். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். மழையில்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்கு. உதிர்கிற மாவை எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்து எடு. கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவாதே, அந்தப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு இருக்கும்; மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவு. வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு மறுபடி பூக்காமல் நிற்கிற வரைக்கும் கழுவிக் கழுவிக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் வெயில் ஏறியதும் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். விரிசல்களைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து, அது இறுகிய பிறகு ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி, படகுக்காரர்கள் டாமார் என்று சொல்கிற குங்கிலியத்தைப் பொடித்துக் கரைத்து, தரை வெயிலில் சுடுகிற நேரத்தில் மெல்லிசாக இழுக்க வேண்டும். ஒன்று காய்ந்தபின் ஒன்று. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது சலித்த மணலைத் தூவிவிடு, இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். உங்கப்பா சொல்ல மறந்தது ஒன்று: எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதே. நாங்கள் அப்படிப் போட்டு, நெருப்பே வைக்காமல் அது தானாகப் புகைந்து, விறகுக் குவியல் வரைக்கும் பற்றிக்கொண்டது. விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் அமுக்கி வை. தோட்டத்தில் மிச்சமாகக் கிடக்கிற தாரைப் பூசலாம் என்று யாராவது சொல்வார்கள். வெயிலில் இளகிக் காலில் ஒட்டும், பிள்ளை தவழ ஆரம்பித்தால் உடம்பெல்லாம் கறுப்பாகும். வேண்டாம்.

இனி, அவர் மறக்காமலேயே சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

நாங்கள் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் இருந்தபோது நீ ஈப்போவில் உன் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு மட்டும் படகேறி வருவாய். உங்கப்பா அங்கே பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்தான். அடுத்த வீட்டில் சின்னக் கிராணி சவரிமுத்து, அவன் பெண்டாட்டி ஆரோக்கியம். உனக்கு நண்டுக் குழம்பு வைத்துத் தருவாளே, அவள்தான். அவர்கள் வீடு நம் வீட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. வீட்டோடு ஒட்டி, செங்கல்லும் களிமண்ணும் வைத்துச் சவரிமுத்து தன் கையாலேயே ஒரு சமையற்கட்டு கட்டியிருந்தான். அதன் சுவர் நம் முற்றத்து ஓரத்தில்தான் நின்றது. முற்றத்துக்கு முன்னால் பாரிட் ஓடியது. கடல் ஏறும்போது அந்த வாய்க்காலில் உப்புத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும்.

அந்த மண்ணில் வாசல் என்று ஒன்று இருக்கவில்லை. மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் சேறு, அட்டை, சில நாள் பாம்பு. உங்கப்பா தோட்டத்தில் மிஞ்சிய சிமெண்டுப் பீப்பாய்களைக் கேட்டு வாங்கி முற்றம் போட்டார். மணல் கடற்கரை மணல். வருஷம் திரும்புவதற்குள் அது உப்புப் பூத்து, உதிர்ந்து, நடந்தால் பாதமெல்லாம் வெள்ளையாக ஒட்டியது. அவர் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் குனிந்து விரிசல்களைத் தடவிப் பார்ப்பார். சுண்ணாம்பு அடித்தார், போய்விட்டது. சிமெண்டுப் பால் ஊற்றினார், தோல் மாதிரி உரிந்தது. கடைசியில்தான் இந்த எண்ணெயும் குங்கிலியமும். பாரிட்டிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி வந்து தரையை மறுபடி கெடுத்துவிடக் கூடாது என்று முன்பக்கம் முழுக்கச் சிமெண்டில் ஒரு சின்னக் கரையும் எழுப்பினார்.

முற்றம் அழகாகத்தான் வந்தது. வெல்லப் பாகு மாதிரி நிறம். மழைத் துளி விழுந்தால் உருண்டு ஓடும், உள்ளே இறங்காது. துரை வந்தபோது சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் புகழ்ந்தார். நானும் ஆரோக்கியமும் அதில் மிளகாயும் கருவாடும் காயப்போட்டோம். அவள் தலைமுடியை விரித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து, "அக்கா, இனிமே எனக்குச் சேத்துல கால் வைக்கவே தோணாது போல," என்பாள். அப்போது அவளுக்கு நாலு மாதம். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து தரித்த பிள்ளை.

பிறகு மழைக்காலம் வந்தது. பழைய முற்றம் பாதித் தண்ணீரைத் தானே குடித்துவிடும், மீதி விரிசல் வழியாக நாலா பக்கமும் வழிந்துவிடும். இப்போது ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் சேர்ந்து, உங்கப்பா நம் சுவரைக் காப்பாற்றக் கொடுத்திருந்த சரிவில் இறங்கி, முன்னால் கரை மறித்ததால் பாரிட்டுக்கும் போக வழியில்லாமல், ஆரோக்கியத்தின் சமையற்கட்டுச் சுவரடியில் போய் நின்றது.

அவள் எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் பார்க்கிறேன், அடுப்பைத் தூக்கி முன்பக்கத் தாழ்வாரத்தில் வைத்துச் சமைக்கிறாள். "ஏன் புள்ள இங்க?" என்றேன். "உள்ள ஒரே பொகையா இருக்குக்கா," என்றாள். இன்னொரு நாள் சுவரோரம் தேங்காய் மட்டையும் மண் நிரப்பிய கோணிகளும் அடுக்கியிருந்தாள். அப்போதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். தரை நாற்று நடுகிற வயல் மாதிரி இருந்தது. கால் வைத்த இடத்தில் தண்ணீர் ஊறியது. வீட்டில் அந்த அறைதான் மறைவாக இருக்கும், பிரசவத்துக்கு அதுதான் என்று ஏற்கெனவே கட்டிலைக் கொண்டுவந்து செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தாள். "ஏன்டி சொல்லல?" என்றேன். "பெரியவரு ஆசையா போட்டது. இவரு அவருக்குக் கீழ வேல செய்யிறாரு. நாங்க என்னான்னு சொல்றது?" என்றாள்.

அன்றைக்கே உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், பார்க்காமல் இல்லை. திரும்பி வந்து, "அவன் ரொம்பத் தாழ்வா கட்டிட்டான். அப்பவே சொன்னேன்," என்றார். நான் விடவில்லை.

"சுவரோரமா ஒரு வாய்க்கா வெட்டி, கரைய ஒரு எடத்துல ஒடச்சு விட்டா தண்ணி பாரிட்டுக்குப் போயிடும்ல?"

"ஒடச்ச எடம் வழியா உப்புத் தண்ணி உள்ள வரும். இவ்வளவு பாடுபட்டது எதுக்கு?"

"அவளுக்கு மாசம் ஆயிடுச்சுங்க."

"தெரியும். பெரிய துரை இந்த மாசம் தோட்டத்தப் பாக்க வாராரு. வந்துட்டுப் போகட்டும், நானே வெட்டி விடுறேன்."

அவர் கெட்டவர் இல்லை, மகனே. உனக்கு அது தெரியும். சவரிமுத்துவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வெட்டுவதாகத்தான் நினைத்திருந்தார். அந்த முற்றம் முழுசாக இருக்கும்போது ஒருமுறை அதைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

ஆரோக்கியம் முந்திக்கொண்டாள். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் பிரசவம் பார்க்கிற மாரியாயிதான் பார்த்தாள். பெண் குழந்தை. ரத்தம் நிறையப் போய்விட்டது. அதற்கு மறுநாள் உங்கப்பாவும் சவரிமுத்துவும் கொப்பரை ஏற்றிய படகோடு தெலுக் அன்சன் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி, படகு திரும்பி வர முடியவில்லை. இங்கேயும் விடாமல் கொட்டியது. ஒருநாள் காலையில் மாரியாயி ஓடிவந்து, "கிராணியம்மா, செவுரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, வந்து பாருங்க," என்று கத்தினாள். போனேன். சுவரின் அடிப்பாகம் கரைந்து, நடுப்பாகம் உள்பக்கமாகப் புடைத்திருந்தது. அதற்குக் கீழே கட்டிலில் அவளும் பிள்ளையும்.

"எந்திரி, என் வீட்டுக்குப் போலாம்," என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "இந்தக் கோலத்துல பெரியவரு வீட்டுக்குள்ள எப்புடிக்கா வருவேன்? பச்சை உடம்பு. தீட்டு. அவரு வந்தா என்ன சொல்வாரு?" நிற்க வைக்கப் பார்த்தோம், மயங்கிச் சரிந்தாள். கட்டிலோடு தூக்க வேண்டுமென்றால் ஆள் வேண்டும். மாரியாயியை லயத்துக்கு விரட்டினேன். அதுவரைக்கும் அந்தத் தண்ணீர் அங்கே நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பாரிட்டில் எட்டிப் பார்த்தேன், கடல் வாங்கியிருந்தது, தண்ணீர் இறங்கிக் கிடந்தது. தேங்காய் உரிக்கிற இடத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன்.

எண்ணெய் ஊட்டிய தரை லேசில் உடையவில்லை. முதல் அடிக்குக் கடப்பாரை துள்ளி என் கையை முறுக்கியது. கரையின் மூலையைத்தான் முதலில் உடைத்தேன். பிறகு சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, கரை வரைக்கும் தரையைக் கொத்திக்கொண்டே போனேன். மழை முகத்தில் அடித்தது. அழுதேனா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. உங்கப்பா முட்டி போட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் அது, அதை என் கையாலேயே உடைக்கிறேனே என்று நினைத்தது நினைவிருக்கிறது. லயத்துப் பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் மண்வெட்டியோடு முற்றத்தில், பாதிப் பேர் உள்ளே. சேறும் தண்ணீரும் பாரிட்டில் போய் விழுகிற சத்தம் கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். அவளைக் கட்டிலோடு தூக்கி நம் முன்னறையில் கொண்டுபோய் வைத்தோம். அன்று மத்தியானம் அந்தச் சுவர் விழுந்தது. கட்டில் இருந்த இடத்தில்தான் விழுந்தது.

மறுநாள் படகு வந்தது. உங்கப்பா முன்னால் வந்தார், சவரிமுத்து பின்னால். முற்றத்தைப் பார்த்ததும் உங்கப்பா அப்படியே நின்றுவிட்டார். நான் கதவருகே நின்றேன். ஆரோக்கியம் எனக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தாள், எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

"முத்தத்த யாரு ஒடச்சா?" என்றார்.

அதுதான் அவர் முதலில் கேட்டது. "நாந்தான்," என்றேன். அதற்குள் சவரிமுத்து இடிந்த சுவரைப் பார்த்துவிட்டு, "ஆரோக்கியம்!" என்று அலறிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினான். உங்கப்பா அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமானால் அன்றைக்கு அவர் போட்டுக்கொண்டிருப்பார்.

அவளுக்குக் காய்ச்சல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். உங்கப்பா தானே போய்ப் படகு பிடித்து, தெலுக் அன்சனிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார். அவள் எங்கள் முன்னறையில்தான் கண் மூடினாள். கடைசி நாளில் என் கையைப் பிடித்து, "உங்களுக்குத்தான் சிரமம்க்கா," என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, இன்றைக்கும். பிரசவக் காய்ச்சல் காய்ந்த வீட்டிலும் வரும், ஈரத்தால் வந்தது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். படித்தவர் சொன்னார், சரியாகத்தான் இருக்கும். நானும் அதை நம்பப் பார்க்கிறேன். சில நாள் நம்ப முடிகிறது.

சவரிமுத்து வேலையை விட்டுவிட்டு, பிள்ளையோடு கோப்பெங்கில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போனான். கிளம்பும்போது என்னிடம் மட்டும் வந்து, "அண்ணே மேல எனக்குக் கோவம் இல்லக்கா. செவுரு நான் கட்டுனது, தாழ்வாத்தான் கட்டுனேன். ஆனா அன்னைக்கு அவரு மொதல்ல எதக் கேட்டாருன்னு என் காதுல இருந்து போக மாட்டேங்குது. நான் அவரப் பாத்துப் பேசலன்னு நெனச்சுக்காதீங்க. பேச வரல," என்றான்.

அடுத்த விடுமுறைக்கு நீ வந்தாய். "ஏம்மா முத்தம் இப்படிக் கெடக்கு?" என்று கேட்டாய். மழை என்றேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடப்பதைக் கேட்டாய், ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். உங்கப்பா அந்த முற்றத்தை அதன்பிறகு தொடவில்லை. உடைத்த இடத்தின் வழியாகக் கடல் தண்ணீர் வந்து வந்து, மறுபடி உப்புப் பூத்து எல்லாம் உதிர்ந்தது. அவர் மாற்றல் கேட்டு வாங்கி ஈப்போ பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தது அதனால்தான். கடற்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களிடமெல்லாம் சொன்னோம். எனக்கு அந்தக் காற்று நன்றாகவே ஒத்துக்கொண்டது.

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படாதே. சண்டை போட்டிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். சாப்பாடு போடுகிறேன், சாப்பிடுகிறார். தலை வலிக்கிறதா என்று கேட்கிறார், தைலம் தேய்த்துவிடுகிறார். அந்த ஒரு இடத்தைச் சுற்றிக்கொண்டே இருவரும் நடக்கிறோம். ஒருமுறை மட்டும், எங்கே போகிறேன் என்று சொல்லாமல் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் வந்தார். கைகால் கழுவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "புள்ள நல்லா நடக்குது," என்றார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "சவரிமுத்து பேசுனானா?" என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அவர்மேல் உனக்கு மரியாதை குறைந்தால் அது எனக்குப் பெரிய வேதனை. அதற்காக எழுதவில்லை. நீ அவர் பிள்ளை. ஒரு வேலையை எடுத்தால் அது பளிச்சென்று முடிகிற வரைக்கும் உனக்கும் வேறு எதுவும் கண்ணில் படாது. சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். அதனால் பயப்படுகிறேன். பூசுவதற்கு முன்னால் நல்ல மழை ஒன்றில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று பார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே போய் நிற்கிறது என்று. பூசிய பிறகு இரண்டு மடங்கு ஓடும். அதற்கு வழியை முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் எண்ணெயைச் சூடாக்கு. மருமகள் ஏதாவது சொன்னால், அது உனக்குப் பிடிக்காத பேச்சாக இருந்தாலும், அன்றைக்கே எழுந்து போய்ச் செய். யாராவது வந்து பார்த்துப் போகட்டும் என்று தள்ளிப்போடாதே. உனக்குக் கீழே வேலை செய்கிறவன் பக்கத்தில் குடியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அவன் வீட்டில் இருக்கிறவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள். நீதான் போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் நின்று விசாரிக்காமல் உள்ளே போய்ப் பார்.

மருமகளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் நான் லூமுட் வருகிறேன். உங்கப்பாவையும் கூட்டி வரப் பார்க்கிறேன், வருவாரோ என்னவோ. அதற்குள் உன் பதில் எனக்கு வேண்டும். வீடு பெரிதா, கடல் தெரிகிறதா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பதையெல்லாம் பிறகு எழுது. உன் முற்றத்துக்குக் கீழ்ப்பக்கம் யார் குடியிருக்கிறார்கள், அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் என்ன, அவள் அடுப்பு எந்தச் சுவரோரம் இருக்கிறது, அதை முதலில் எழுது.

அம்மா